இடப்பக்கம் விழுந்த சடை

கையில் இரண்டு ஊசியும் மடியில் ஒரு கம்பளி நூல் உருண்டையுமாக யாராவது உட்கார்ந்திருந்தால், ஆஹா, புதிதாக ஏதோ உருவாகிறது என்று வாயைப் பிளந்துவிடாதீர்கள். கிட்டே போய்ப் பாருங்கள். போன வருஷம் பின்னிய அதே ஸ்வெட்டராக இருக்கும். அதற்கு முந்தின வருஷமும் அதுதான். இந்த இனத்துக்கு 'ஒரே டிசைன்காரர்கள்' என்று பெயர். தெருவுக்கு ஒருவராவது உண்டு. உங்கள் தெருவில் இல்லையென்றால் சந்தேகமே வேண்டாம், உங்கள் வீட்டில் இருப்பார்.

மாதிரிக்கு நம் சடையம்மாவை எடுத்துக்கொள்வோம். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு கையால் டோக்கனை நீட்டிவிட்டு, அடுத்த ஆள் வருவதற்குள் அரை வரிசை பின்னிவிடுவார். நெஞ்சுக்கு நடுவே மேலிருந்து கீழே சடை மாதிரி ஓடுகிற ஒரு டிசைனை மட்டுமே இருபது வருஷமாகப் போட்டு வருவதால், பெற்றவர்கள் வைத்த பெயர் போய் இந்தப் பெயர் நின்றுவிட்டது. அந்தச் சடை கணவருக்கு ஆறு, மகனுக்கும் மகளுக்கும் வளர வளர ஏழேழு, பல் டாக்டருக்கு ஒன்று, வேண்டாம் வேண்டாம் என்று ஓடிய அவருடைய நாய்க்கு ஒன்று.

"வேற டிசைன் போடக்கூடாதாம்மா?" என்று மகள் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"வேற இல்லாம? போனது நீலம், இது பச்சை. அதுல அஞ்சு பட்டன், இதுல ஆறு. கண்ணைத் தொறந்து பாருடி!"

புது டிசைன் புத்தகம் வாங்க மாட்டாரா என்றால், வாங்குவார். வந்ததையெல்லாம் வாங்குவார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாக "அடடா, என்ன அழகு, என்ன அழகு" என்று உருகி, பிடித்த பக்கத்தில் காகிதத் துண்டு செருகி, மகளைக் கூப்பிட்டுக் காட்டி, ஊசியைத் துணியால் துடைத்து, கண்ணிகளை எண்ணிப் போட்டு, நாலாவது வரிசையில் முகத்தைச் சுளிப்பார். "இது நம்ம கைக்கு வராது." முடிந்தது. புத்தகம் அலமாரிக்குப் போகும். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து அந்தப் பழைய தாள் வெளியே வரும்.

இந்தத் தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்றைக்கோ ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து, நாலாக மடித்து வைத்தது. மடிப்பு சரியாகப் பதினெட்டாவது வரிசை மேல் விழுந்து, அங்கே ஒரு வார்த்தை தேய்ந்துபோயிற்று. சடையின் மூன்றாவது முறுக்கு வலப்பக்கம் விழ வேண்டுமா, இடப்பக்கமா? சடையம்மா முதல்முறை பின்னும்போது ஒரு நிமிஷம் யோசித்தார். பேனாவை எடுத்து 'இடம்' என்று எழுதினார். வினை அங்கேதான் பிடித்தது. மற்ற எல்லா முறுக்கும் வலப்பக்கம் போக, மூன்றாவது மட்டும் கோபித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும்.

கணவருக்கு இது தெரியாதா? பஸ் டிப்போவில் மெக்கானிக். வண்டி வாசலில் நுழையும் சத்தத்திலேயே எந்த போல்ட் லூஸ் என்று சொல்லக்கூடியவர். இரண்டாவது ஸ்வெட்டரிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அப்போது கை வரைக்கும் பின்னி முடித்தாகிவிட்டது. சொன்னால் பிரிக்க வேண்டும். மூன்றாவதில் சொன்னால், போன தடவை ஏன் சொல்லவில்லை என்று கேள்வி வரும். நாலாவதிலிருந்து சொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. பிள்ளைகளும் வளர்ந்து ஆளுக்கொரு நாளில் கண்டுபிடித்தார்கள். அவர்கள் வாயையும் கணவர் கண்ணடித்தே அடைத்துவிட்டார்.

இப்படியே போயிருக்கும். மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகள் ரெடிமேட் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு சட்டையைப் புரட்டி, தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அந்தக் கண் வீட்டுக்கு வந்ததும் சும்மா இருக்குமா? வந்த மூன்றாவது வாரம், வெயிலில் காய்ந்த ஸ்வெட்டர்களை அள்ளிக்கொண்டு காப்பி நேரத்தில் உள்ளே வந்தாள்.

"அத்தை, எல்லாத்துலயும் மூணாவது முறுக்கு திரும்பியிருக்கே. வேணும்னே போட்டதா?"

கணவருக்குக் காப்பி டம்ளருக்குள் அவசரமாகப் பார்க்க வேண்டியது ஏதோ இருந்தது. மகள் செருப்பைத் தேடப் போனாள். சடையம்மா ஒன்றை வாங்கிப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். அவள் அள்ளி வந்த ஏழு ஸ்வெட்டரையும் பார்த்தார்.

"என்னங்க, உங்களுக்கு இது தெரியுமா?"

"லேசா..."

"எப்பலேருந்து?"

"ரெண்டாவது ஸ்வெட்டர்லேருந்து."

"இத்தனை வருஷமா எல்லாரும் சேந்து என்னை வெச்சு வேடிக்கை பாத்திருக்கீங்க!"

அன்றைக்குக் கீழே வைத்த ஊசியைப் பத்து நாள் தொடவில்லை. டோக்கன் ஜன்னலில் வெறும் கையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று டாக்டரே வந்து விசாரித்தார். அவமானம் அப்படி. மருமகள் பாடு அதைவிட மோசம். அவளுக்கென்று வாங்கிய மாம்பழ நிற நூல் கூடையில் அப்படியே கிடந்தது. வந்த வீட்டில் முதல் காரியமாக அத்தையின் கையை நிறுத்திவிட்டோமே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று குமைந்தாள்.

பதினோராவது நாள் சடையம்மா தாளை எடுத்தார். 'இடம்' என்பதை அடித்து 'வலம்' என்று எழுதினார். மாம்பழ நிற நூலை எடுத்து, ஒவ்வொரு வரிசையாக எண்ணி, மூன்று வாரம் பின்னி, மருமகள் கையில் கொடுத்தார்.

"நல்லாப் பாத்துக்கோ. உன் செக்கிங்ல நிக்கும்."

நின்றது. உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்தாள். ஒரு தப்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சடை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படம் எடுத்தார்கள். மருமகள் போனில் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மாமாவுக்கு இடம். கணவனுக்கு இடம். நாத்தனாருக்கு இடம். போனை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை சடையம்மாவின் நாற்காலியில் அந்த ஸ்வெட்டர் மடித்து வைத்திருந்தது. மூன்றாவது முறுக்கின் மேல் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

"இங்க என்ன தப்பு? சரியாத்தானே விழுந்திருக்கு!"

"அதான் அத்தை தப்பு. இந்த வீட்டுல எல்லாருக்கும் இருக்கறது எனக்கு மட்டும் இல்ல. ஏதோ வெளியாள் மாதிரி இருக்கு."

"கிறுக்கு! மூணு வாரம் கண்ணு வலிக்கப் பின்னினதுடி" என்று சடையம்மா சீறினார். சீறும்போதே விரல்கள் நூல் நுனியைத் தேடிப் பிரிக்க ஆரம்பித்திருந்தன. கண் இரண்டும் நிறைந்துவிட்டதால் கொஞ்சம் தாமதமாயிற்று.

வேடிக்கை அதற்கப்புறம்தான். இருபது வருஷம் தானாக வந்த தப்பு, தெரிந்து செய்யும்போது வர மாட்டேன் என்றது! கை வலப்பக்கமே ஓடியது. இரண்டு முறை பிரித்தார். கணவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இடம்மா, இடம்!"

"எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாப் போடறேன், எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

தாளில் இப்போது 'வலம்' அடிபட்டு, 'இடம்' இரட்டைக் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறது.

நான் ஊசியைத் தொட்டதே இல்லை, எனக்கென்ன என்று சிரிக்கிறீர்கள். சரி. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வீர்களே, நடைமேடை முழுக்க ஓடிக் கடைசிப் பெட்டியில் தாவி ஏறிய கதை, அதை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? நீங்கள் ஓட ஆரம்பிக்கிற இடத்தில் உங்கள் மனைவி தண்ணீர் கொண்டுவர எழுந்து போவதைக் கவனித்ததுண்டா? அன்றைக்கு நீங்கள் அந்த ரயிலைப் பிடிக்கவே இல்லை. அடுத்த ரயிலில்தான் வந்தீர்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நம்பிக்கை இல்லையென்றால் அடுத்த முறை நடந்ததை நடந்தபடி சொல்லிப் பாருங்கள். "அப்பா, தப்பாச் சொல்றீங்க, நீங்கதான் தாவி ஏறிட்டீங்களே" என்று பிள்ளைகள் திருத்துவார்கள்.