பூசையில் வைத்த துவக்கு

அன்றைக்கு அந்த இடத்தில் நின்றவர்கள் மூஸ் அண்ணை, அவருடைய மனைவி பவளக்கா, துவக்குக்குச் சொந்தக்காரனான வெள்ளைக்காரக் கில்பேர், பிறகு நான். எங்களில் பயந்தவன் நான் ஒருவன்தான். மற்ற மூவருக்கும் சேர்த்து நானே பயந்தேன்.

மூஸ் அண்ணையைப்போல ஒரு தமிழன் மொன்றியலில் மட்டுமல்ல, உலகத்திலேயே இருக்க முடியாது. நாங்கள் எல்லாரும் வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த சனம். கனடா தினத்துக்கு வாணம் விட்டாலே கட்டிலுக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறவன் நான். அந்த மனுசனோ வில்லரேயில் தன் வீட்டு பேஸ்மென்டில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் லைசென்சைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, துவக்குத் திருத்துகிறார்.

திருத்துவது என்றால் சும்மா இல்லை. அந்தக் காலத்து மான் சுடுகிற துவக்கு. கீழே லீவர் இருக்கும், இழுத்து மூடினால் அடுத்த தோட்டா ஏறும். அதன் குழலை மாற்றி, உள்ளே கடைந்து, அண்ணைக்குப் பட்டப்பெயர் வாங்கித் தந்த மூஸ் என்கிற ராட்சத மானையும் கரடியையும் விழுத்துகிற பெரிய தோட்டா போடும்படி ஆக்கிவிடுவார். பகலில் பாக்டரியில் லேத் வேலை செய்கிற கை. அந்தத் தோட்டா ஒவ்வொன்றும் நான் வேலை செய்கிற டவுன்டவுன் சாப்பாட்டுக்கடைக் குசினியின் கரட் அளவில் இருக்கும்.

"அண்ணை, மானுக்குச் செய்த சாமான் இந்தப் பெரிய வெடியைத் தாங்குமோ?"

"எல்லாம் தாங்காது தம்பி. தாங்குற இரும்போ எண்டு பாத்துத்தான் கை வைப்பன்."

"தாங்காட்டி?"

"பின்பக்கத்தால வெடிக்கும்."

"பின்பக்கத்தில ஆர் நிப்பினம்?"

"நான்தான். நான் திருத்தினதை முதல் நான்தான் சுடுவன். பின்னை, தந்தவன்ர மூஞ்சியிலயே பரிசோதிக்கிறது?"

இதைச் சொல்லிக்கொண்டே ரோல்ஸ் கடிப்பார். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது.

கில்பேரின் துவக்கு முடிந்த கிழமை நவராத்திரி. மூஸ் வேட்டைக்கும் அதுதான் காலம். அண்ணை குழலுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். துடைத்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு ஆயுத பூசைக்காக, லேத் சாமான்களுக்கு நடுவில், குழல்வாய் மேலே பார்க்கச் சுவரோடு சாத்தி, சந்தனப் பொட்டும் வைத்தார். பூசையில் வைத்த ஆயுதத்தை விசயதசமி கழியும்வரை தொடக்கூடாது. கழிந்ததும் தொட்டுக் கும்பிட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டி, நகரத்துக்கு வடக்கே மலைப்பக்கம் இருக்கிற சுடுமைதானத்துக்குப் புறப்பட்டுவிட்டார். கார் பழசு, வழியில் நின்றால் தள்ளுவதற்கு நான். வடையோடு பவளக்கா.

அங்கே தாடியும் தானுமாகக் கில்பேர் காத்து நின்றான். மறுநாள் காட்டுக்குப் போகிறவன். பொட்டைப் பார்த்துவிட்டு, இது குறி பார்க்கிற புள்ளியா என்று கேட்டான். அண்ணை மறுக்கவில்லை.

தோட்டா உள்ளே போனது. லீவர் சடக்கென்று மூடியது. அண்ணை துவக்கைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தார். எல்லாரும் காதுக்கு மூடி போட்டிருந்தோம். மூக்குக்கு இல்லையே. காற்று என் பக்கம் வந்தது.

"அண்ணை, ஊதுபத்தி மணக்குது!" என்று கத்தினேன்.

"பூசையில வச்ச துவக்கு மணக்காம?"

"இல்லை அண்ணை, உள்ளுக்கயிருந்து மணக்குது!"

"டேய், தள்ளிப் போடா!"

நான் போகவில்லை. கால் வரவில்லை என்பதுதான் சரி. அவருடைய ஜாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பிள்ளையாரே, பிள்ளையாரே" என்று நடுங்கினேன். கில்பேர் சிரித்தான். அண்ணைக்கு வெட்கம். துவக்கை இறக்கி, லீவரை இழுத்துத் தோட்டாவை வெளியே எடுத்து, பின்பக்கத்தால் டோர்ச் அடித்தார்.

"வா, பயந்தாங்கொள்ளி. வாய்ப்பக்கத்தால பார். வெளிச்சம் தெரியும்."

பார்த்தேன். இருட்டு. அண்ணை என்னைத் தள்ளிவிட்டுத் தானும் பார்த்தார். பிறகு குழல் துடைக்கிற கம்பியை விட்டுத் தள்ளினார். விளக்குத்திரிப் பஞ்சு ஒரு உருண்டை, சாம்பல், எரிந்து முறிந்த ஊதுபத்திக் குச்சிகள் எல்லாம் வந்து விழுந்தன.

"பவளம், இது என்ன?"

"ஊதுபத்தி. வாழைப்பழத்தில குத்தினா பழம் பிஞ்சு போகுது. இது ஓட்டை நல்ல அளவா இருந்தது. உள்ளுக்க விழாம நிக்கட்டும் எண்டு பஞ்சும் வச்சன்."

"பேந்து எடுக்கேல்லையோ?"

"எடுத்தனான்தானே! கொஞ்சம் முறிஞ்சு போச்சாக்கும்."

சொல்லி முடிக்கும்போதுதான் அக்காவுக்கு விளங்கியது. அடைத்த குழலுக்குள் அந்தத் தோட்டா வெடித்திருந்தால், பின்னால் இருந்தது அண்ணையின் கன்னம். வடைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு புல்லிலேயே இருந்துவிட்டார். கில்பேர் தொப்பியைக் கழற்றினான். அண்ணை தன் கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார், இருக்கிறதா என்று.

குழலைத் துப்புரவாக்கி, துவக்கைப் பழைய டயரில் இறுக்கிக் கட்டி, விசையில் கட்டிய நூலைத் தூரத்தில் நின்று இழுத்துத்தான் அன்றைக்குச் சுட்டோம். இன்னும் நீள நூல் வேண்டும் என்று நான் கேட்டபோது ஒருவரும் சிரிக்கவில்லை. துவக்கு தாங்கியது. மலையெல்லாம் எதிரொலித்தது. அக்கா என் கையில் வடைக்கு மேல் வடையாக வைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு பேஸ்மென்டில் ஒரு துவக்கு முடிந்தால் எனக்குப் போன் வரும்.

"தம்பி, ஒரு சாமான் முடிஞ்சுது. வந்து ஒருக்காப் பயந்திட்டுப் போ."

போவேன். குழலுக்குள் பார்ப்பேன், மணந்தும் பார்ப்பேன், தோன்றியதையெல்லாம் கேட்பேன். அவர் திட்டித் திட்டிப் பதில் சொல்வார். போன் வராத கிழமைகளில்தான், என்னைக் கூப்பிடாமலே சுட்டுவிட்டாரோ என்று எனக்கு நித்திரை வருவதில்லை.