மச்சான் அனுப்பிய மெத்தை டிரவுசர்

ஸ்டுட்கார்ட் நகரத்தில் குளிரோடு மல்லுக்கட்டி வாழும் அன்பு மச்சான் தெவெல்டேவுக்கு, அஸ்மாராவிலிருந்து உன் அக்கா புருஷன் பெராக்கி எழுதிக்கொண்டது. மாதா கிருபையால் இங்கே நானும் உன் அக்கா லெம்லெமும் மகள் ஃபியோரியும் சுகம். அங்கே உன் சுகத்தையும், உன் வீட்டுக்காரி சுகத்தையும், போன போட்டோவில் உனக்கு முன்னால் நின்றிருந்த உன் தொப்பையின் சுகத்தையும் அறிய ஆவல்.

எல்லாரும் சுகம் என்று எழுதிவிட்டேன், ஆனால் உன்னிடம் மறைப்பானேன், என் உடம்பில் ஓர் இடம் மட்டும் சுகமாக இல்லை. இந்தக் கடிதத்தை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். ஜன்னல் விளிம்பில் பேப்பரை வைத்து எழுதுவதால் கையெழுத்து கோணும். நாலாம் வகுப்போடு நின்றவன் கையெழுத்து உட்கார்ந்தாலும் அப்படித்தான் இருக்கும் என்கிறாள் உன் அக்கா. வீட்டில் நாற்காலி இருக்கிறது. அதில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள், கையில் முள்வாங்கி, வாயெல்லாம் சிரிப்பு.

எல்லாத்துக்கும் காரணம் நீ அனுப்பிய மெத்தை வைத்த சைக்கிள் டிரவுசர். குறை சொல்லவில்லை மச்சான். வந்த புதிதில் அது சட்டியிலிருந்து இறக்கின ஹிம்பாஷா ரொட்டி மேல உட்கார்ந்த மாதிரி இருந்தது. காலையில் பேக்கரி ரொட்டியை வீடு வீடாகப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் சைக்கிள் சங்கத்து ஆட்களோடு மலைக்குக் கீழே நெஃபாசித் வரை இறங்கி ஏறினாலும் உட்கார்ந்த இடம் தெரியாது. அடுத்த வருஷம் தடிச்ச ரொட்டி மெல்லிசான இஞ்சேரா ஆச்சு. மெத்தென்றுதான் இருந்தது, ஆனால் தட்டை. மூணாம் வருஷம் இஞ்சேராவும் போய் வெறும் தட்டுதான் மிச்சம். "தூக்கிப் போடுங்க, வேற வாங்கிக்கலாம்"னு உன் அக்கா சொன்னா. ஜெர்மன்காரன் தைச்சது அவ்வளவு சீக்கிரம் தேயுமாடி, நமக்குத்தான் வயசாகி உட்கார்ற இடத்துல சதை வத்திப்போச்சுன்னு சொல்லி நான் விடாம போட்டேன். எத்தனை நாள் வரும்னு அது வந்த பாக்கெட்டுல ஏதோ ஜெர்மன்ல எழுதியிருந்தது. படிக்கத் தெரிஞ்சவன் இங்க எவன்?

இந்த வருஷம் ஈஸ்டர் கழிஞ்சதும் ஒரு அதிசயம் நடந்தது. நீயும் இந்த ஊர்ல சைக்கிள் மிதிச்சவன், உனக்குத் தெரியும். முன்னால போறவன் காத்தை வாங்கிக்குவான், பின்னால ஒட்டிக்கிட்டு வர்றவனுக்குப் பாதிப் பாடுதான். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி கூட பின் சக்கரம் கிடைச்சா விடமாட்டான். அப்படிப்பட்ட ஊர்ல, நான் முன்னால போனாப் போதும், பின்னால ஒருத்தன் வரமாட்டேங்கிறான். ஒருத்தனுக்கு ஷூ கயிறு அவிழுது, ஒருத்தனுக்குத் தண்ணி தவிக்குது, ஒருத்தன் ரோட்டோரக் குரங்கைப் பார்க்க நின்னுடறான். நான் என்ன நினைப்பேன்? இந்த வயசுல எனக்கு வேகம் பிடிச்சிடுச்சுன்னுதான் நினைச்சேன். என் வாய் சும்மா இருக்குமா? காப்பிக்கடையில உட்கார்ந்து ஒவ்வொருத்தனையா உரிச்சேன். "என்னப்பா, என் பின்னால வந்தா தூசி ஒட்டுமா? நாளையிலிருந்து சைக்கிளுக்குப் பதிலா கோவேறு கழுதை கொண்டு வாங்க, அதாச்சும் ரோஷத்துல ஓடும்." எல்லாரும் காப்பிக் கோப்பைக்குள்ள எதையோ தேடினானுங்க. அதிகமா மாட்டினவன் மாவு மில் ஈயோப். "ஈயோப்பு, மில்லுல கல்லு சுத்துற வேகத்துக்காவது காலைச் சுத்துய்யா."

ஈயோப் யாருன்னு நீ கேக்கணும் மச்சான். அவன் மகன் யோனாஸும் நம்ம ஃபியோரியும் ஒருத்தரை ஒருத்தர் விரும்பி, ரெண்டு வீட்டுலயும் சம்மதம் சொல்லி, பெரியவங்களோட வந்து முறைப்படி பொண்ணு கேக்க வேண்டியதுதான் பாக்கி. நாள் குறிச்சோம். மில்லுல வேலைன்னு தள்ளி வச்சான். மறுபடி குறிச்சோம். மாதா நோன்பு முடியட்டும்னான். நோன்பும் முடிஞ்சது, ஆளைக் காணோம். ஃபியோரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சிட்டு எழுந்து போக ஆரம்பிச்சா. உன் அக்கா என்னைப் பிடிச்சுக்கிட்டா. "எல்லாம் உங்க வாய்தான். சம்பந்தி ஆகப் போறவரைக் கழுதை, கல்லுன்னா எந்த மனுஷன் பொண்ணெடுக்க வருவான்? எம் பொண்ணு கண்ணு கலங்கினா உங்களுக்கு இந்த வீட்டுல காப்பி கிடையாது, சொல்லிட்டேன்." அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை மச்சான். விளையாட்டாப் பேசிப் பேசி மகள் வாழ்க்கையிலயே மண்ணள்ளிப் போட்டுட்டமோன்னு பயம் வந்துடுச்சு.

சரி, வாயால கெடுத்ததைக் காலால சரி பண்ணுவோம்னு அந்த ஞாயித்துக்கிழமை நெஃபாசித் ஏத்தத்துல எல்லாருக்கும் முன்னாடி சொன்னேன், "ஈயோப்பு, இன்னைக்கு ஊர் வரைக்கும் நான்தான் உனக்குக் காத்து மறைப்பேன். வா, என் பின்னால வா."

"வேண்டாம் பெராக்கி, நீ போ."

"மரியாதை பண்றேன்யா, வா."

"இந்த மரியாதை வேண்டாம்யா."

"சம்பந்தி பின்னால வர சம்பந்திக்கு என்ன வெக்கம்?"

மத்தவனுங்க எல்லாம் வேற திசையைப் பார்த்தானுங்க. வேற வழியில்லாம வந்தான். நான் குனிஞ்சு மிதிச்சேன். காலைச் சூரியன் வேற பின்னாலிருந்து நல்லா வெளிச்சம் போட்டுக் கொடுத்தது. ஒரு வளைவுல திரும்பிப் பார்த்தா, இந்த மனுஷன் ரோட்டைப் பார்க்காம எதிர் மலையைப் பார்த்துக்கிட்டே ஓட்டுறான். "என்னய்யா, மலையை விலைக்கு வாங்கப் போறியா?"ன்னு கேட்டு வாயை மூடலை, சைக்கிளோட சப்பாத்திக்கள்ளிப் புதருக்குள்ள போயிட்டான்.

ஓடினேன். உள்ளே படுத்துக்கிட்டு சொல்றான், "பெராக்கி, கையைக் கொடு, ஆனா தயவுசெஞ்சு திரும்பி மட்டும் நிக்காதே."

"ஏன்யா?"

"உன் டிரவுசர் பின்னாடி கொசுவலை மாதிரி ஆயிடுச்சுய்யா. ஈஸ்டர்லேருந்து மொத்தச் சங்கமும் உன்னைப் பார்த்துக்கிட்டிருக்கு."

மறைச்சாப் போதும்னு ஆயிடுச்சு எனக்கு. அப்படியே உட்கார்ந்துட்டேன். எங்க உட்கார்றோம்னு பார்க்கலை. அதுவும் சப்பாத்திக்கள்ளிதான். முழுத் துணியா இருந்தா பாதி முள்ளாவது தடுத்திருக்கும்.

ஒருத்தன் கூட சொல்லலையேய்யான்னு கேட்டேன். உன் வீட்டுக்காரி சொல்லுவாங்கன்னு இருந்தோம்னான். வீட்டுக்காரியைக் கேட்டா, "துவைச்சுக் கொடியில போட்டா கருகருன்னுதான் இருக்கு. நீங்க குனிஞ்சா அது எப்படி இழுத்துக்கும்னு நான் எங்க கண்டேன்? அதோட, உள்ளே ஒண்ணு போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்"ங்கிறா. மெத்தை டிரவுசருக்குள்ள வேற எதையும் போடக் கூடாதுங்கிறது பாவம் அவளுக்குத் தெரியலை. ஈயோப் பொண்ணு கேக்க வராததுக்கும் அதுதான் காரணமாம். "ஒவ்வொரு தடவையும் கோட்டு மாட்டிக்கிட்டுக் கிளம்பறேன். உன் மூஞ்சியை நினைச்சாலே அந்தப் பக்கம்தான் ஞாபகம் வருது. பெரியவங்க முன்னாடி சிரிச்சுத் தொலைச்சா சம்பந்தமே போயிடுமேன்னு பயந்தேன்யா." எம் பொண்ணு அழுதது ஒரு தேஞ்ச டிரவுசருக்காக.

மூணாம் நாள் பெரியவங்களோட வந்துட்டான். இப்போ என் பின்பக்கத்துல இருக்கிற முள்ளெல்லாம் அவன் பின்பக்கத்துலயும் இருக்கு, இனி அவன் எப்படிச் சிரிப்பான்? நான் உட்காரலை, அவனும் உட்காரலை. பொண்ணைப் பெத்தவனும் பையனைப் பெத்தவனும் மரியாதைக்கு நிக்கிறாங்கன்னு நினைச்சு வந்த பெரியவங்க அத்தனை பேரும் எழுந்து நின்னுட்டாங்க. நம்ம வழக்கப்படி காப்பி மூணு சுத்தும் நின்னுக்கிட்டே குடிச்சாங்க. மூட்டு வலிக்காரப் பாதிரியார் செவத்தைப் பிடிச்சுக்கிட்டு, "இப்படி அடக்கமான சம்பந்திகளை நான் கண்டதே இல்லை"ன்னார். நானும் ஈயோப்பும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கலை. பார்த்திருந்தா கெட்டுது. கல்யாணம் நிச்சயம் ஆயிடுச்சு மச்சான்.

ஆகவே புது டிரவுசர் ரெண்டு அனுப்பு, ஒன்று எனக்கு, ஒன்று ஈயோப்புக்கு. பழையதை அடுப்பில் போட்டு எரித்தாகிவிட்டது. மெத்தையைக் கட்டை விரலால் அழுத்திப் பார், எழும்பாவிட்டால் மாற்றிவிடு என்கிறான் ஈயோப். என் கணக்கு வேறு. அதுக்கு வயசாச்சான்னு போட்டிருக்கிறவனைக் கேக்காதே, பின்னால வர்றவனைக் கேள்.

உனக்கும் உன் குடும்பத்துக்கும் நீண்ட ஆயுளும், குளிராத வீடும், தொப்பை மறைக்கும் கோட்டும் ஆண்டவர் அருளட்டும். கல்யாணத்துக்குக் கட்டாயம் வரவும்.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்
பெராக்கி

பின்குறிப்பு: கடிதம் கொண்டுவரும் பெண்ணின் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனதால் இதையும் எழுதுகிறேன். மேலே எரித்ததாக எழுதிய டிரவுசரை எரிக்கவில்லை. மனசு வராமல் மாவு மூட்டைக்கு அடியில் வைத்திருந்தேன். எரித்துவிட்டதாக வீட்டிலும் சொல்லியிருந்ததால், ஃபியோரி அதைக் கண்டெடுத்து, இது மாமா அனுப்பின வேறொன்று என்று நினைத்து மாப்பிள்ளை யோனாஸுக்குக் கொடுத்திருக்கிறாள். கையில் பிடித்துப் பார்த்தால் கருகருவென்றுதான் இருக்கும். இன்று காலை நெஃபாசித் ஏற்றத்தில் மாப்பிள்ளை, "நீங்க பெரியவங்க, என் பின்னால வாங்க, நான் காத்து மறைக்கிறேன்" என்றார். மறுக்க முடியவில்லை. நான் எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு போனேன். டிரவுசர் மூன்றாக அனுப்பவும். பழைய முள்ளெல்லாம் எடுத்தாகிவிட்டது, ஆனாலும் இந்தப் பின்குறிப்பையும் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.