அந்தப் பாட்டை மட்டும் கேட்டுடாதீங்க!

உலகத்தில் பாட்டுப் பாடுகிறவர்கள் உண்டு. பாட்டுக் கேட்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டு வேலைக்கும் லாயக்கில்லாமல், பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு வழிமறித்து நிற்கிற மூன்றாவது ரகம் ஒன்றும் உண்டு. அறிமுகம் செய்து வைப்பவர் என்று அதற்குப் பெயர். அதிலும் நன்றாக முற்றிப்போன ரகம், கொரியப் பாப் இசையின் பெண்கள் குழுக்களைப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பவர். நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். பார்த்ததே இல்லையென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்; அல்லது... சரி, அதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

எங்கள் கண்ணாடிக் கடையில் இந்த ரகத்தில் ஒருவர் இருக்கிறார். நான் பின்னறையில் மெஷினில் லென்ஸ் அறுக்கிறவன். அவர் முன்னறையில் கண் டெஸ்ட் பண்ணுகிறவர், அதாவது ஆளை அறுக்கிறவர். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் முன்னுரை. எந்தப் பாட்டையும் அவர் நேரடியாகப் போட்டு இதுவரை யாரும் பார்த்ததில்லை.

பார்வைக்கு சாதுவான மனிதர். இஸ்திரி கலையாத சட்டை, சன்னமான குரல். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் நகர்ந்து இடம் கொடுப்பார். ஆனால் உங்கள் செல்போன் மணி ஒரு கொரியப் பாட்டாக இருந்து தொலைத்தால் போச்சு. “உங்களுக்கு இதெல்லாம் பிடிக்குமா?” என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்பார். “ஏதோ, பையன் வெச்சுக் கொடுத்தான்” என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்க்கிறீர்களா? அதைவிட ஆபத்தான பதில் கிடையாது. ஒன்றும் தெரியாதவர் கிடைத்துவிட்டார் என்றால் முன்னுரைக்கு அன்றைக்குப் பசியே எடுக்காது.

அவருடைய தொழிலும் அவருக்குத் தோதாக அமைந்துவிட்டது. கண்மணி விரிவதற்குச் சொட்டு மருந்தை விட்டு, இருட்டறையில் கண்ணை மூடி உட்காருங்கள் என்று சொல்லிவிட்டால், அந்த மனிதர் எங்கே ஓடுவார்? எழுந்தால் சுவரில் முட்டிக்கொள்வார். அப்படித்தான் ரிட்டையர் ஆன ஒரு பஸ் டிரைவர், பாவம், படிக்கிற கண்ணாடிக்கு வந்தவர், எந்தக் குழுவில் எந்தப் பெண் எதற்காக விலகினாள், அவள் விலகிய அன்றைக்கு மற்றவர்கள் மேடையில் எப்படி அழுதார்கள் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு, தன் கண்ணின் பவர் என்ன என்பது மட்டும் தெரியாமல் வீட்டுக்குப் போனார். மறுநாள் மகனை அனுப்பிச் சீட்டை வாங்கிக்கொண்டார். அவர் வரவில்லை.

முன்னுரையின் சட்டதிட்டங்கள் கடுமையானவை. குழுக்களை அவை வந்த காலப்படி தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வைத்திருப்பார். முதல் தலைமுறையைக் கேட்காமல் இரண்டாம் தலைமுறைக்குப் போகக் கூடாது. இரண்டைக் கேட்காமல் மூன்றுக்குப் போகக் கூடாது. நாலாம் தலைமுறையில் ஆரம்பிக்கிறேன் என்று சொல்கிறவரை அவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, செருப்புக் காலோடு பிரசவ வார்டுக்குள் நுழைந்தவரை நர்ஸ் பார்க்கிற பார்வை. இத்தனை தலைமுறை பேசுகிறவரிடம் அவருடைய தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டுப் பாருங்கள், தலையைச் சொறிவார். நான் கேட்டிருக்கிறேன்.

அவர் பாட்டைப் போட்டுக் காட்டும் அழகையும் சொல்லிவிடுகிறேன். வீடியோ ஓடும். நீங்கள் திரையைப் பார்ப்பீர்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். “இப்பப் பாருங்க... இப்ப... இப்ப வரும்... பாத்தீங்களா?” என்பார். எதைப் பார்த்தோம் என்று தெரியாமல் பேய் முழி முழித்து, “நல்லா இருக்கு” என்பீர்கள். உடனே வீடியோவை நிறுத்துவார். “எது நல்லா இருக்கு?” திரையில் அசையாமல் நிற்கிற பெண்ணைக் குத்துமதிப்பாகக் கை காட்டுவீர்கள். “இல்ல, நீங்க கவனிக்கல. முதல்லேருந்து பாப்போம்.” இப்படியே மூன்று நிமிஷப் பாட்டு முக்கால் மணி நேரம் ஓடும், முடியாது. அவரிடம் அகப்பட்டவர்களில் ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பற்றிக்கொண்டு வருவது ஒன்று உண்டு. “பெண்களோட குரல் உலகத்துக்குக் கேக்கணும் சார், அதுக்காகத்தான் நான் ஆம்பளைங்க குழு பக்கமே போறதில்ல” என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடையில் இருக்கிற பெண் யாராவது வாயைத் திறந்தால், டிராஃபிக் போலீஸ் மாதிரி உள்ளங்கையைக் காட்டி, “ஒரு நிமிஷம், நான் சொல்லி முடிச்சிடறேன்” என்பார். அந்த ஒரு நிமிஷம் என்றைக்கும் முடிந்ததில்லை.

அந்த உள்ளங்கைக்கு முன்னால் வந்து அகப்பட்டவர்தான் எங்கள் கடையில் ஃப்ரேம் எடுத்துக் கொடுக்கும் கவுண்டர் அக்கா.

அக்காவுக்கு ஒரே மகள். பள்ளிப் படிப்பு முடிந்து, அந்த மாதக் கடைசியில் வெளியூர் ஹாஸ்டலுக்குக் கிளம்ப வேண்டியவள். அவள் வீட்டில் பேசுகிற மொழியில் மொத்தமே மூன்று சொற்கள்தான்: “ம்”, “தெரியல”, “அப்புறம்”. மற்ற நேரமெல்லாம் அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளேயிருந்து ஒரே ஒரு கொரியப் பாட்டு திரும்பத் திரும்பக் கேட்கும். ஒருநாள் அந்தப் பாட்டோடு மகள் சிரிக்கிற சத்தமும் கேட்டிருக்கிறது. எத்தனையோ நாளாக அந்தச் சிரிப்பைக் கேட்காத அக்கா, கையில் துவைத்த துணியோடு கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாராம்.

“அவ கிளம்பறதுக்குள்ள ஒரு தடவையாவது அவகூட உக்காந்து பேசணும்” என்று என்னிடம் சொன்னார். “அந்தப் பாட்டைப் பத்திப் பேசினா பேசுவா.”

“அப்போ நேரா போய் அவகிட்டயே கேளுங்களேன்?”

“ஒண்ணுமே தெரியாம போனா, ‘உனக்கு இதெல்லாம் புரியாதும்மா’ன்னு கதவைச் சாத்திடுவா. கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்.”

நியாயமான ஆசை. நியாயமில்லாத ஆளிடம் போய்க் கேட்டார்.

“தம்பி, ஒரு பாட்டு. லல்ல லா, லல்ல லான்னு வரும். நடுவுல விரலைச் சொடுக்கற மாதிரி ஒரு சத்தம். அது யாரு பாட்டு?”

முன்னுரைக்கு அது எந்தப் பாட்டென்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. வாந்தி எடுத்த குழந்தையைக் கையில் கொடுத்த மாதிரி முகத்தைச் சுளித்தார்.

“அக்கா, உங்க மேல இருக்கற மரியாதையில சொல்றேன். அந்தப் பாட்டை மட்டும் கேட்டுடாதீங்க.”

“ஐயையோ, ஏன்? கெட்ட பாட்டா?”

“கெட்ட பாட்டில்ல. ஆரம்பப் பாட்டில்ல. நேத்து வந்த பொண்ணுங்க அவங்க. அதுல ஆரம்பிச்சா உங்க காது கெட்டுப் போயிடும்.”

“எனக்கு ஆரம்பமெல்லாம் வேண்டாம் தம்பி. அந்த ஒரு பாட்டு போதும். என் பொண்ணு...”

உள்ளங்கை உயர்ந்தது. “ஒரு நிமிஷம்க்கா. நான் சொல்லி முடிச்சிடறேன்.”

அந்தப் பாட்டின் பெயரை அவர் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை. ஒரு பெயர். சொல்ல எத்தனை நேரம் ஆகும், சொல்லுங்கள்? மூக்கைச் சிந்துகிற நேரம். அதைச் சொல்லியிருந்தால் அக்கா அன்று சாயங்காலமே மகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அதற்குப் பதிலாக, மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையிலிருந்து பாடம் ஆரம்பமானது.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா முதல் தலைமுறையைப் பார்த்தார். சோறு காய்ந்தது. இரண்டாம் தலைமுறை வந்தது. ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு கலரில் முடி வைத்துக்கொண்டு வரும் பெண்களைக் காட்டி, “இது யாரு? போன பாட்டுல நீல முடியில வந்தவ யாரு?” என்று பரீட்சை நடந்தது. மற்றவர்கள் எல்லாரும் கவிழ்கிற இடம் இதுதான். ஆனால் அக்கா முகத்தைப் பார்த்து ஃப்ரேம் எடுத்துக் கொடுத்துப் பழகியவர் அல்லவா? “இந்தப் பொண்ணுக்கு அகலத் தாடை, வட்ட ஃப்ரேம் நிக்காது. அந்த நீல முடிக்காரிதான் இவ” என்று பட்டென்று சொன்னார். முன்னுரைக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

“அப்போ இவதான் கடைக்குட்டியா தம்பி?” என்று அக்கா உற்சாகமாகக் கேட்டார்.

“கடைக்குட்டின்னு சொல்லக் கூடாதுக்கா. குழுவுல வயசுல சின்னவளை மக்னேன்னு சொல்லணும்.”

“தெரியாம சொல்லிட்டேன். என் பொண்ணு...”

உள்ளங்கை.

நான் மெஷினை ஓட்டிக்கொண்டே கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மாறிக்கொண்டே வந்தார். பார்சல் கொண்டு வந்த ஆள் வாசலில் நின்று ஏதோ ஒரு கொரியப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்க, “அது மூணாவது தலைமுறை. அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் கேட்டிருக்கீங்களா?” என்று அவரை மடக்கினார். அவர் கையெழுத்துக்கூட வாங்காமல் ஓடினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த நாள் டீ குடிக்கும்போது, “என்னக்கா, அந்தப் பாட்டு பேரு தெரிஞ்சுதா?” என்று கேட்டேன். அக்கா சட்டென்று உள்ளங்கையைக் காட்டினார். “ஒரு நிமிஷம்ப்பா. அதுக்கு நான் இன்னும் வரல.” அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாதம் முடிந்தது. மகள் ஊருக்குப் போன மறுநாள் அக்கா கண் வீங்கி வேலைக்கு வந்தார். நடந்ததைப் பின்னறைக்கு வந்து சொன்னார். கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், மகளின் அறைக் கதவு அதிசயமாகத் திறந்திருக்கிறது. கட்டில் மேல் பெட்டி, பாதி அடுக்கிய துணி, நடுவில் மகள். காதில் இயர்போன்; செல்போன் திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. வாசலில் அம்மா நிற்பதைப் பார்த்தவள், தானாகவே துணியைத் தள்ளி இடம் பண்ணியிருக்கிறாள்.

“அம்மா, இங்க வா. இந்தப் பாட்டைக் கேளேன்.”

இயர்போனில் ஒன்றைக் கழற்றி நீட்டினாளாம். அக்கா வாங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேர் தோளும் இடித்துக்கொண்டிருக்கின்றன. லல்ல லா வந்திருக்கிறது. செல்போன் திரையில் ஒரு பெண்ணைத் தொட்டுக் காட்டி, அம்மாவுக்குப் புரிய வேண்டுமே என்று, “இவதாம்மா கடைக்குட்டி. சிரிக்கறப்போ உன்னை மாதிரியே இருப்பா, பாரேன்” என்று சொல்லியிருக்கிறாள் மகள்.

அக்காவின் கை தானாக எழுந்தது.

“மக்னேன்னு சொல்லணும். அதை நிறுத்து முதல்ல. இதுலேருந்தா ஆரம்பிக்கறது? இவங்கல்லாம் நேத்து வந்தவங்க. இதுக்கு முன்னாடி...”

மகள் நிறுத்தினாள். அம்மாவின் காதிலிருந்ததை மெதுவாகக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

“ம்” என்றாள். அவ்வளவுதான். மறுநாள் பஸ் கிளம்பும்போது கேட்டதற்கெல்லாம் “ம்”, “தெரியல”. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவியா என்றதற்கு, “அப்புறம்”.

“அவ என்னை மாதிரின்னு சொன்னாப்பா” என்றார் அக்கா. “அதுக்காகத்தான் அந்தப் பாட்டையே அத்தனை தடவை போட்டுக்கிட்டிருந்தாளோ என்னவோ. நான் அந்தப் பொண்ணு மூஞ்சியைக்கூட சரியா பாக்கல. இந்தக் கையை வெட்டிப் போடணும் போல இருக்கு.” கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அழுதார்.

அந்த நேரம் பார்த்து முன்னுரை எட்டிப் பார்த்தார். “என்னக்கா, பொண்ணுகிட்ட பேசினீங்களா? அசந்து போயிருப்பாளே!”

அக்கா முதல் முறையாக அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தார். “என் பொண்ணு என்கிட்ட பேசாமலே போயிட்டா தம்பி.”

முன்னுரை தாடையைத் தடவி யோசித்தார். நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார், அதுதான் கொடுமை.

“அவ தப்பான பாட்டுல ஆரம்பிச்சுட்டாக்கா, வேற ஒண்ணுமில்ல. லீவுக்கு வரட்டும், என்கிட்ட அனுப்புங்க. நான் முதல்லேருந்து சொல்லித் தரேன்.”

நான் போய் மெஷினைப் போட்டேன். கையில் இருந்த லென்ஸ் ஓரம் தெறித்து வீணானது. யாருடைய கண்ணாடியோ, ஒரு நாள் தாமதமாகத்தான் கொடுக்க முடிந்தது.

கதை முடிந்தது. சிரித்தீர்களா? நல்லது, சிரித்தவர்கள் கொஞ்சம் இருங்கள். நீங்கள் கொரியப் பாட்டே கேட்காதவராக இருக்கலாம். உங்களுடையது பழைய பாட்டாக இருக்கலாம், கிரிக்கெட்டாக இருக்கலாம், சினிமாவாக இருக்கலாம், வீட்டுக்கு வருகிறவர்களை உட்காரவிடாமல் நீங்கள் காட்டுகிற பூந்தொட்டிகளாகவும் இருக்கலாம். சமீபத்தில் உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் தனக்குப் பிடித்த ஏதோ ஒன்றை, “இதைப் பாரேன்” என்று ஆசையாக உங்கள் முன்னால் நீட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது உங்கள் கை எங்கே இருந்தது? வாங்கிக்கொள்ள நீண்டதா, அல்லது உள்ளங்கை தெரிய உயர்ந்ததா?

வேண்டாம், எனக்குப் பதில் சொல்லாதீர்கள். “அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்” என்றுதானே ஆரம்பிக்கப் போகிறீர்கள்?