ஜாமீன் அண்ணாச்சியும் கடல் கடந்த வழக்கும்

சங்கரன்கோவிலில் ஜாமீன் அண்ணாச்சி ஜாமீன் கொடுக்காத ஒரே ஜீவன் கோவில் யானைதான். அதுவும் போலீஸ் இன்னும் அதன் மேல் வழக்குப் போடாத காரணத்தால். போட்டிருந்தால் முதல் ஆளாகப் போய் நின்றிருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. ரேஷன் கடைக்காரரே "ஏ ஜாமீனு, வந்து சீனியை வாங்கும்வே" என்றுதான் கூப்பிடுவார். சொத்து என்று பார்த்தால் ஒரு வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, வாசலில் ஒரு முருங்கை மரம், அவ்வளவுதான். அந்த வீட்டின் வரி ரசீதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். செல்போனை இடுப்பு வேட்டியில் செருகிக்கொள்வார், ரசீது மட்டும் நெஞ்சுக்கு நேரே இருக்க வேண்டும்.

சேவல் சண்டை நடத்தியவன், மடைத் தண்ணீருக்கு மண்வெட்டியைத் தூக்கியவன், அடுத்தவன் பருத்திக் காட்டில் ஆட்டை விட்டவன், யார் மாட்டினாலும் கோர்ட் வாசலில் அண்ணாச்சி ரசீதுடன் நிற்பார். கூலி ஒரு டீ. "அவன் தப்பு செஞ்சானா அண்ணாச்சி?" என்று கேட்டால், "அது கோர்ட்டு வேலைவே. வாய்தாவுக்கு ஆளு வாரானான்னு பாக்கதுதான் என் வேலை" என்பார்.

ஒரு வரப்புத் தகராறில் அண்ணன், தம்பி இருவருக்கும் அவரே ஜாமீன். வாய்தா நாளில் இருவரும் அவர் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். முதுகோடு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒரே சட்டியிலிருந்து முருங்கைக்காய்க் குழம்பு ஊற்றிக்கொள்வார்கள். இன்னொரு தடவை ஆடு திருடிய ஒருவன் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டான். அண்ணாச்சி வாசுதேவநல்லூருக்கு பஸ் ஏறி, ஒரு கல்யாணப் பந்தியில் அவனைக் கண்டுபிடித்து, பக்கத்து இலையில் தானும் உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் பொறுமையாகச் சாப்பிட்டுவிட்டு, "கையக் கழுவு மக்கா, கோர்ட்டுக்கு நேரமாச்சு" என்று கூட்டிவந்தார்.

இப்படியே போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. புதிதாக வந்த மாஜிஸ்திரேட் பழைய கேஸ் கட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இருக்கிறது ஒரே வீடு. அது எத்தனை பேரைத் தாங்கும்?" என்று கேட்டார்.

"அஸ்திவாரம் கருங்கல்லுங்கய்யா" என்றார் அண்ணாச்சி.

கோர்ட்டே சிரித்தது, மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. இனி இவர் ஜாமீன் செல்லாது என்று சொல்லிவிட்டார்.

வேலை இல்லாத அண்ணாச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் அப்போது கோர்ட்டுக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்துக்குப் பக்கத்தில் டீக்கடை, டீக்கடையை ஒட்டி என் வாடகை வீடு. அண்ணாச்சி காலையில் வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், கோர்ட் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நாலு நாள் தாங்கினார். ஐந்தாம் நாள் செல்போனில் அவருக்கு ஒரு வழக்கு கிடைத்தது.

வழக்கு நம் நாட்டிலேயே இல்லை. கடல் கடந்த ஏதோ ஒரு ஊரில், பிறந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் வேலை செய்த ஒரு நர்ஸ், அந்தக் குழந்தைகளுக்கே கெடுதல் செய்தார் என்று குற்றச்சாட்டு. அங்கே வேலை பார்க்கும் தமிழ்ப் பையன் ஒருவன் அன்றன்றைய விசாரணையைத் தமிழில் பேசி இணையத்தில் போடுவான். அண்ணாச்சி அதைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் டீக்கடையில் மொத்த கோர்ட்டையும் கூட்டிவிடுவார்.

அந்த ஊர் நீதிபதிகள் தலையில் வெள்ளைப் பொய்முடி வைத்துக்கொள்வார்களாம். அண்ணாச்சி துண்டைச் சுருட்டித் தலையில் வைத்தால் நீதிபதி. தோளில் போட்டால் அரசு வக்கீல், கக்கத்தில் இடுக்கினால் எதிர்த்தரப்பு வக்கீல். டீ மாஸ்டர் பால் பொங்குவதைக்கூட மறந்து நிற்பார். ஆனால் குழந்தைகளைப் பற்றிய பேச்சு வரும்போது மட்டும் அண்ணாச்சி நடிக்க மாட்டார். துண்டை மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொல்லி முடித்துவிடுவார். அந்த நேரத்தில் பெஞ்சில் யாரும் டீயை உறிஞ்ச மாட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், அண்ணாச்சி கடைசியாக யார் பேச்சைக் கேட்டாரோ அவர் பக்கம். அரசு வக்கீல் பேசிய நாளில், "இவளையெல்லாம் வெளிய விடலாமாவே?" என்று கிளாஸை நங்கென்று வைப்பார். மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீல் பேசியிருந்தால், "பாவம்வே, அந்தப் புள்ள! ஒருத்தரும் கண்ணால பாத்ததா சொல்லலைலா" என்று கண் கலங்குவார்.

"நேத்து நீருதான அவளைத் தூக்குல போட்டீரு?" என்பார் டீ மாஸ்டர்.

"அது நேத்து."

இந்த இடத்தில் செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்கோடியில் பிரசவமும் பார்க்கிற ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி இருந்தது. அதில் குறைமாதக் குழந்தைகள் வார்டில் செல்வி நர்ஸ். சாயங்காலம் பிளாஸ்க்குடன் டீ வாங்க வருவாள். அவள் வந்தால் பெஞ்சில் பேச்சு சட்டென்று நின்றுவிடும். ஒரு நாள் அவளே சிரித்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு நாங்க உள்ளயா, வெளியயா?"

எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சி மட்டும் துண்டை எடுத்துத் தேவையே இல்லாமல் முகத்தைத் துடைத்தார்.

அந்த டீக்கடைக் கோர்ட்டுக்கு எங்களுக்குத் தெரியாமல் இன்னொரு ரசிகையும் இருந்தார். என் மாமியார். என் மனைவி வயிற்றுப் பிள்ளையுடன் படுக்கையை விட்டு எழக்கூடாது, பஸ்ஸில் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மகளைத் தன் ஊரான இளையரசனேந்தலுக்குக் கூட்டிப்போக வந்தவர் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். சமையலறை ஜன்னல் டீக்கடையைப் பார்த்து இருக்கும். வெங்காயம் உரிக்கிற சாக்கில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழக்கைக் கேட்டு வந்திருக்கிறார். டிவி சீரியலை நிறுத்திவிட்டு அந்த அம்மாள் எதையாவது கேட்டார் என்றால் அது அண்ணாச்சியின் கோர்ட் ஒன்றைத்தான்.

என் மகள் அவசரக்காரி. எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டாள். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு, அழக்கூட மூச்சு போதவில்லை. நேராகச் செல்வி வேலை பார்க்கிற வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு ஊசி. கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை என் மாமியார் வார்டு வாசலில் ஒரு பையுடன் நின்றார். பைக்குள் பஞ்சும், பழைய நூல் சேலையும்.

"மாப்ள, புள்ளைய வாங்கிட்டு வாங்க. ஊருக்குப் போவோம். பஞ்சுல சுத்தி நான் வளத்துக்கிடுதேன். அந்த நர்சு புள்ள கிட்டக்க போறப்பல்லாம் எனக்கு ஈரக்கொல நடுங்குது."

டாக்டர் எவ்வளவோ சொன்னார். பெட்டியை விட்டு எடுத்தால் மூச்சு நிற்கலாம், பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூடத் தாங்காது என்றார். மாமியார் அசையவில்லை. என் மனைவி படுத்த படுக்கையில் அழுதுகொண்டு ஒரு நேரம் அம்மா பக்கமும் ஒரு நேரம் டாக்டர் பக்கமும் பேசினாள். எல்லாவற்றையும் கேட்டபடி வாசலில் நின்ற செல்வி உள்ளே போய்விட்டாள். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. டீக்கடைக்கு ஓடினேன்.

"உங்க கதையைக் கேட்டுட்டு எங்க அத்தை புள்ளைய வெளிய எடுக்கணும்னு நிக்கிறாங்க அண்ணாச்சி!"

அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. டீ மாஸ்டரின் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏலே, நீயும் வா. ஜாமீனுக்கு ரெண்டு ஆளு வேணும்."

"எனக்கு ஏது அண்ணாச்சி வீடு?"

"பாய்லர் உன்னுதுதான?"

"என்னுதுதான்."

"அது போதும், வா."

இப்படியாகக் கையில் ரசீதுடன் ஒருவரும், கையில் டீ வடிகட்டியுடன் ஒருவரும் வார்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணாச்சி என் மாமியார் முன்னால் கோர்ட்டில் நிற்பதுபோல் நின்றார்.

"தாயி, டீக்கடையில பொழுது போகச் சொன்ன கதை அது. அதை வச்சு நீ புள்ளைய எடுக்கலாமா?"

"நீருதான அண்ணாச்சி சொன்னீரு? இவளையெல்லாம் வெளிய விடலாமான்னு கேட்டீருலா?"

"கேட்டேன். மறுநாளு அவளுக்காகவும் பேசினேனே, அதைக் கேக்கலையா?"

மாமியார் யோசித்தார். "அன்னைக்குக் குழாயில தண்ணி வந்துச்சு. நான் குடத்தோட நின்னேன்."

"அதுக்கு அடுத்த தடவை?"

"அன்னைக்கும் தண்ணி வந்துச்சு."

எங்கள் தெருவில் நகராட்சித் தண்ணீர் நினைத்தால் வரும், நினைத்தால் வராது. எதிர்த்தரப்பு வக்கீல் வாயைத் திறந்த நாளெல்லாம் பார்த்து வந்திருக்கிறது. பாவம், என் மாமியார் கேட்டதெல்லாம் அரசு வக்கீலை மட்டும்தான்.

அண்ணாச்சி ரசீதை உறையிலிருந்து எடுத்து நீட்டினார். "இந்தா, என் வீட்டு வரி ரசீது. செல்விப் புள்ளைக்கு நான் ஜாமீன். அவ கையால ஒரு கெடுதல் வந்தா வீடு உனக்கு."

"வீட்டை வச்சு நான் என்ன செய்ய? எனக்குப் புள்ள வேணும்" என்றார் மாமியார். அவர் குரல் உடைந்துவிட்டது. அதுவரைக்கும் வீம்பாகத் தெரிந்தது முழுக்கப் பயம்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

 அதற்குள் வார்டுக் கதவு திறந்தது. செல்வி நின்றாள், கண் சிவந்திருந்தது.

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி ஜாமீன்? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

டீ மாஸ்டர் வடிகட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அண்ணாச்சி தலை குனிந்து நின்றார். பிறகு ரசீதை மெதுவாக மடித்தார்.

"வாஸ்தவம் தாயி. உனக்கு எதுக்கு ஜாமீன். என் வாய்க்குத்தான் ஜாமீன் வேணும். இந்தப் புள்ள வீட்டுக்குப் போற மட்டும் நான் இங்கனயே உக்காந்திருக்கேன். இந்த வாய் தொறக்காது."

சொல்லிவிட்டு வாசலோரம் தரையில் உட்கார்ந்தார், வாயை மூடினார். நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்தோம். என் மாமியார் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. "அண்ணாச்சி, கோவமா?" அதற்கும் இல்லை. ஜாமீன் அண்ணாச்சி பேசாமல் இருந்து அந்த ஊரில் யாரும் கண்டதில்லை.

செல்வி என் மாமியாரின் கையைப் பிடித்தாள். "அம்மா, உள்ள வாங்க. சோப்புப் போட்டுக் கையக் கழுவுங்க. நான் செய்யுததைப் பக்கத்துல நின்னு பாருங்க. எதுக்கு, என்னன்னு சொல்லுதேன்."

மாமியார் பையை அண்ணாச்சியின் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"என் விரலைப் பிடிச்சுட்டா மாப்ள" என்றார். "நல்லா இறுக்கிப் பிடிச்சுட்டா. அந்த செல்விப் பொண்ணு கை எம்புட்டு மெத்துன்னு இருக்கு! புள்ள இங்கனயே இருக்கட்டும்."

மகள் தேறி வரும் வரைக்கும், ஒரே ஒரு தடவை தவிர, அண்ணாச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காலையில் வந்து உட்காருவார், சாயங்காலம் எழுந்து போவார். எல்லாம் சைகைதான். டீக்கடையில் வியாபாரம் பாதியாகிவிட்டது. "அந்த மனுசனுக்கு வாயைத் திறந்து விடுங்கய்யா, எனக்குப் பால் மிஞ்சுது" என்று டீ மாஸ்டர் என்னிடம் புலம்பினார். செல்வி பிளாஸ்க்கைத் திறந்து முதல் டீயை அண்ணாச்சிக்குத்தான் ஊற்றுவாள். எப்போது அவளுக்குக் கோபம் போனது என்று எனக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் கடல் கடந்த வழக்கில் தீர்ப்பு வந்தது. டீ மாஸ்டர் செல்போனுடன் ஆஸ்பத்திரிக்கே ஓடிவந்தார். "அண்ணாச்சி, தீர்ப்பு!" என்று அவர் வாயைத் திறந்ததும், அண்ணாச்சி முதன்முறையாகச் சொல்லை மீறினார்.

"சொல்லாதலே. எப்படி வந்திருந்தாலும் சரி. அதைத் தெரிஞ்சுக்கிட்டா செல்விய பாக்கப்ப என் மூஞ்சி மாறிரும். அந்தப் புள்ள நாளைக்கும் வேலைக்கு வரணும்லா."

சொல்லிவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டார்.

என் மகள் இப்போது நடக்கிறாள், கடிக்கிறாள், கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் ஓடுகிறாள். அண்ணாச்சி பழையபடி டீக்கடையில் வேறு வழக்குகளைப் பேசுகிறார், நிலத் தகராறுகள் மட்டும். அந்தத் தீர்ப்பு டீ மாஸ்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், என் மாமியாருக்குக்கூடத் தெரியும். பெஞ்சில் உட்காருகிற அத்தனை பேருக்கும் தெரியும். சங்கரன்கோவிலில் ஒரு செய்தி ஒரு டீ ஆறுவதற்குள் நாலு தெருவைச் சுற்றி வந்துவிடும். இது மட்டும் இன்றைக்கு வரைக்கும் அவர் காதுக்குப் போகவில்லை. அந்த மனிதர் மேல் எங்களுக்கெல்லாம் அவ்வளவு பிரியம்.