என் பெயரில் இன்னொருவன்

நான் பயந்தாங்கொள்ளி. கரப்பான்பூச்சி பறந்தால் அதைவிட உயரமாக நான் பறப்பேன். ஆனால் வாழ்க்கையில் நான் மிக அதிகமாகப் பயந்தது என்னைப் பார்த்துத்தான்.

ஊரில் பாதிப் பேர் ஏதாவதொரு இணைய நட்புத் தளத்தில் கணக்கு வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரனுக்கே வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. தாம்பரம் பக்கம் சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அம்மா போனபின் வீட்டில் நானும், தமிழ் டைப்பிஸ்டாக இருந்து ரிடையரான அப்பாவும்தான். சிறுசேரியில் ஒரு கம்பெனி எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. போலீஸ் சரிபார்ப்பு மட்டும் பாக்கி.

அப்போது நண்பன் சதீஷ் போன் செய்தான். “மச்சான், நீ தமிழ்ல இவ்ளோ நல்லா எழுதுவியா? சொல்லவே இல்ல.”

எனக்குத் தமிழில் டைப் அடிக்கவே வராது. தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். பாஸ்கர் என்று என் பெயர், என் போட்டோ (ஒரு கல்யாணத்தில் எடுத்தது, கையில் ரோஸ்மில்க் வேறு). கீழே, “இன்று நீலச் சட்டை போட்டுக்கொண்டேன். காலர் கிழிந்திருப்பது தெரியவில்லை” என்று இருந்தது. குனிந்தேன். நீலச் சட்டை. காலரைத் தடவினேன். கிழிந்திருந்தது. அதுவரை எனக்கே தெரியாது.

அடுத்து, “நேற்று தூக்கத்தில் சிரித்தேன்” என்று வந்தது. அன்றிலிருந்து ஜன்னலைச் சாத்தி, தாம்பரத்துச் சித்திரைப் புழுக்கத்தில் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்தேன். மறுநாள் அவன் எழுதினான்: “ஏனோ இப்போதெல்லாம் போர்த்திக்கொண்டு தூங்குகிறேன்.”

வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்காரவே நடுக்கமாக இருந்தது. பிரவுசிங் சென்டருக்குப் போய், யார் நீ என்று அவனுக்கே செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

“நான்தான் பாஸ்கர். நேரத்துக்குச் சாப்பிடு.”

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. சென்டர்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அதோடு விட்டிருந்தால் பேயோடு குடித்தனம் நடத்தப் பழகியிருப்பேன். ஆனால் அது பெரியப்பாவைத் தொட்டது. பெரியப்பா அப்பாவின் அண்ணன், ஏரியாவில் பெரிய கை, கோயில் கமிட்டித் தலைவர். “டியூப்லைட் வாங்கிக் கொடுத்தவன் பெயரைக்கூடக் கும்பாபிஷேகக் கல்வெட்டில் பொறித்த என் பெரியப்பா, கூடப் பிறந்த தம்பியின் பெயரை விட்டுவிட்டார். உண்டியலைக்கூடச் சாட்சியில்லாமல் திறக்கிறவர்” என்று என் பெயரில் எழுதியிருந்தது. பெரியப்பாவின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மன்னிப்புக் கேட்காவிட்டால் மானநஷ்ட வழக்கு. வழக்கு என்றால் சிறுசேரியை மறந்துவிட வேண்டியதுதான்.

தெரிந்த வக்கீல் அக்காவிடம் ஓடினேன். “பக்கத்த பிரின்ட் எடுத்து வச்சியா? நல்லது. உன் பேர்ல இன்னொருத்தர் எழுதறது குத்தம். சைபர் கிரைம்ல புகார் குடு. எந்த கனெக்‌ஷன்லேர்ந்து எழுதினாங்கன்னு கேட்டு வாங்கிடுவாங்க” என்றார்.

“போலீஸெல்லாம் எதுக்குப்பா? விட்டுடு, அதுவா போயிடும்” என்றார் அப்பா. அன்றைக்கே என் பெயரிலிருந்த அந்தப் பக்கம் சுவடில்லாமல் மறைந்துபோனது. எனக்கு அதுதான் இன்னும் திகிலாக இருந்தது. புகார் கொடுத்துவிட்டேன்.

சில வாரம் கழித்து எங்களையும் பெரியப்பாவையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பெரியப்பா நாற்காலியில். அப்பா வழக்கம்போல அவர் எதிரில் உட்காராமல் சுவரோரம் நின்றார். ஏட்டு பேப்பரைப் பார்த்தார். “இன்னா தம்பி, கனெக்சன் உன் வூட்டு அட்ரஸ்லதான் கீது. வூட்ல யார் யார் கீறீங்கோ?”

“நானும் அப்பாவும்தான் சார்.”

 அப்பாவைச் சந்தேகிக்கும் அளவுக்கு எனக்கு மூளை கிடையாது. “அப்ப நான்தான் சார். தூக்கத்துல எழுதியிருப்பேன்” என்றேன். (மனதாரச் சொன்னேன்.)

“நான்தான் எழுதினேன்” என்றது சுவரோரக் குரல்.

பெரியப்பா மெல்லத் திரும்பினார். “ஏன்டா, நேர்ல சொல்றதுக்கென்ன?”

“உங்க எதிர்ல எனக்கு வாய் வராதுண்ணா. பொறந்ததுலேர்ந்தே வந்ததில்ல. உண்டியல் விஷயம் ஆத்திரத்துல எழுதினது. தப்புதான்.”

“என்னைப் பத்தி எதுக்குப்பா எழுதினீங்க?” என்று கேட்டேன்.

“வேற யாரை நான் தெனம் பாக்கறேன்?”

 ஏட்டு தலையைச் சொறிந்தார். “புள்ள குட்த்த கம்ப்ளெய்ன்ட்ல அப்பன உள்ள வெக்கணுமா? பேஜாரா கீதே.” பெரியப்பா நோட்டீஸை வாபஸ் வாங்கினார், நான் புகாரை. என் வேலை பிழைத்தது. கல்வெட்டின் அடியில், கொஞ்சம் சின்ன எழுத்தில், அப்பாவின் பெயரும் ஏறியது.

ஆனால் என் பெயர் எனக்குத் திரும்பி வரவேயில்லை. நேரில் சொல்ல வாய் வராத விஷயத்தை என் தலையில் கட்டிச் சொல்லிவிடலாம் என்று சொந்தபந்தம் முழுக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. போன வைகாசியில் வண்டலூரில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் காலை வைத்ததுமே பெண்ணின் அப்பா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “மனசுல வச்சுக்காதீங்க தம்பி. நீங்க சொன்ன மாதிரியே சாம்பார்ல உப்பு போடச் சொல்லிட்டேன்.”

நான் இன்னும் இலையில்கூட உட்காரவில்லை. பந்திப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பெரியப்பா தலை நிமிராமல் மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து இலையில் அப்பா.