டத்தோவைப் பார்க்கப் போனோம்

கிள்ளானிலேயே பெரிய சத்தம் ஹார்ன் அண்ணனுடையதுதான். அவர் ஓட்டுகிற கண்டெய்னர் லோரி அதற்கு அடுத்ததுதான். எங்கள் ஃபிளாட்டில் நாலாவது மாடியில் அவர் வீடு. அங்கிருந்தே கீழே கடைக்கு, "ஒரு தே!" என்பார். பக்கத்து புளோக் கடைக்காரரும் சேர்ந்து ஒரு டீ கலந்துவிடுவார். சொந்தப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

இந்த மனிதர் இரண்டு முயல் வளர்த்தார். ஆண் டத்தோ, பெண் டத்தின். பெரிய மனிதருக்கும் அவர் மனைவிக்கும் சுல்தான் தருகிற பட்டம். அதைக் கொடுக்க அரண்மனை எதற்கு, அவரே கொடுத்துவிட்டார். அவர்களிடம் மட்டும் கிசுகிசுவென்றுதான் பேசுவார். முதலில் கேட்டவர்கள் அண்ணனுக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு என்று பயந்தார்கள்.

என் மச்சான் வேலை இல்லாமல் இருந்த சமயம். "டத்தோ நம்ம வீட்டுலதான் இருக்காரு!" என்று அண்ணன் மாடியிலிருந்து கத்தியது அவன் காதில் விழுந்தது. மறுநாள் டை கட்டி, சர்டிபிகேட்டோடு போய் நின்றான். அண்ணன் மரியாதையாக உள்ளே கூட்டிப் போனார். "டத்தோ, இவருக்கு வேலை வேணுமாம்." டத்தோ டையைக் கடித்துப் பார்த்தது. வேலை கிடைக்கவில்லை.

என் மகள் கயலுக்கு நாலு வயது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சாயம் போட்ட கோழிக்குஞ்சு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தோம். ஆசையில் இறுக்கிப் பிடித்துவிட்டாள். செத்துப்போனது. யாரும் திட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் சின்னதாக எதைப் பார்த்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். தம்பி பிறந்தான். அவனையும் தொடவில்லை. எட்டி நின்றே பார்ப்பாள்.

"தொடும்மா, உன் தம்பிதானே" என்பாள் என் மனைவி.

"செத்துப் போயிரும்" என்பாள் கயல்.

எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

லிஃப்டில் அண்ணனிடம் சொன்னேன்.

"டத்தோகிட்ட கூட்டிட்டு வாடா!" லிஃப்ட் ஆடியது.

"அமுக்கிட்டான்னா என்னண்ணே பண்றது?"

"சும்மா வந்து தொட முடியுமா? அப்பாயிண்ட்மெண்ட் இருக்குலா. ஞாயித்துக்கெழம காலையில வா. சென்ட்டு கிண்ட்டு அடிச்சிக்கிட்டு வந்துறாத. டத்தோவுக்கு ஆகாது."

போனோம். எப்போதும் பனியனில் இருக்கிறவர் அன்றைக்குச் சட்டை போட்டிருந்தார். வாசலிலேயே விரலை உதட்டில் வைத்தார்.

"ஹேண்ட்ஃபோன அடைச்சி வை. டத்தோ முன்னால நிக்கக் கூடாது. உக்காரு."

சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன். கயலும் உட்கார்ந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். என்னால் பார்க்க முடியவில்லை.

அண்ணன் தலையை ஆட்டினார். "பாருடா, புள்ளைக்கு எவ்வளவு மரியாத தெரியுது. டத்தோ முன்னால கைய இப்படித்தான் வச்சிக்கணும். நீயும் கட்டுலா."

நான் கட்டினேன். அவரும் கட்டினார். அண்ணி மைலோ கலந்து எடுத்து வந்தார். மூன்று பேரையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

"அங்கிள், டத்தோ எப்ப வரும்?"

"வருவாருன்னு சொல்லணும். பெரிய மனுஷன்மா. நம்ம கூப்பிடக் கூடாது. அவரா வருவாரு."

டத்தின் வந்து என் கால் விரலை முகர்ந்தது. பிடிக்கவில்லை போல. போய்விட்டது. டத்தோ கூண்டு வாசலில் நின்று மூக்கை ஆட்டிக்கொண்டே இருந்தது. என் முட்டி மரத்துப்போனது. பிறகு டத்தோ தத்தித் தத்தி வந்தது. கயலைச் சுற்றிப் பின்பக்கம் போனது. அவள் விரலில் மூக்கை வைத்தது.

கயல் மூச்சைப் பிடித்தாள். நானும்தான். ஒரு இறுக்கு இறுக்கினால் தீர்ந்தது.

கட்டியிருந்த விரல்கள் மெல்லப் பிரிந்தன. உள்ளங்கை விரிந்தது. டத்தோ அதில் தாடையை வைத்துக்கொண்டது.

"அப்பா, மீச குத்துது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சாகல" என்றாள்.

"அவரு ஏம்மா சாகப் போறாரு? நல்ல கை உனக்கு. டத்தோ எல்லார் கையிலயும் தல வைக்க மாட்டாரு." இதுவரைக்கும் கிசுகிசுப்புதான். அதற்கு மேல் அண்ணனால் முடியவில்லை. "வச்சிட்டாருலா!" என்று கத்தினார். டத்தோவும் டத்தினும் அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்தன. கயல் விழுந்து விழுந்து சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் கீழே கடையிலிருந்து தே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கயல், பாயில் கிடந்த தம்பி பக்கத்தில் போய், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கையைப் பின்னால் நீட்டி வைத்தாள். என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பேசாதே என்று கையைக் காட்டினேன். தம்பி காலை உதைத்துக்கொண்டிருந்தான். கையை ஆட்டினான். அவள் விரல் தட்டுப்பட்டது. பிடித்துக்கொண்டான்.

"அவரா வந்தாரு" என்றாள் கயல்.

மறுநாள் காலையில் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. கையிலிருந்த நாசி லெமாக் பொட்டலத்தை நீட்டினேன்.

"டத்தோ இதெல்லாம் சாப்பிட மாட்டாருடா. வயிறு கெட்டுரும்" என்றார்.

"உங்களுக்குத்தாண்ணே" என்றேன்.