மைத்துனனுக்காக ஒரு வரி

“சர்க்கரைக்குத் தனியா வரி உண்டா, இல்ல டீயோடயே சேர்ந்துடுமா?” என்று மனைவி கேட்டபோதுதான், தன் சட்டத்தில் ஓட்டை இருப்பது கணக்காளருக்கு உறைத்தது.

முந்தைய நாள் அலுவலகத்தில் பெரிய விவாதம். வருமான வரியை ஒழித்துவிட்டு, நாடு முழுக்க விற்பனை வரி மட்டும் போட்டால் என்ன? சம்பாதிக்கிறவனை விடு, செலவழிக்கிறவனைப் பிடி என்று ஒருவர் முழங்கியதும், கணக்காளருக்கு நாடு ஞாபகம் வரவில்லை, மைத்துனன் ஞாபகம்தான் வந்தது. வேலை தேடி அக்கா வீட்டுக்கு வந்தவன் இன்னும் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. கணக்காளரும் மகளும் சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டு உண்டியலில் போட, அவன் மூன்று வேளையும் ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தான். வருமானமே இல்லாதவனிடம் எந்தப் பங்கைக் கேட்பது?

ஆகவே புதுச் சட்டம். யார் சம்பளத்திலும் கை வைக்க மாட்டார். வீட்டில் எதைத் தின்றாலும் குடித்தாலும் வரி.

மறுநாளே மகள் வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்தாள். மைத்துனன் பிறந்ததிலிருந்து முதல் முறையாகப் பசிக்கவில்லை என்றான். உண்டியல் காலி. கணக்காளர் வரியை ஏற்றினார். மனைவி அடுப்பையே அணைத்துவிட்டு, ஊருக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு அவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். இருந்தது நாலு தொட்டி, ஊற்றி முடிக்கத் தினமும் பொழுது சாய்ந்தது. வரி கட்டிய ஒரே பிரஜை கணக்காளர்தான்.

ஆனால் அவரைத் தவிர யாரும் இளைக்கவில்லை. மைத்துனனுக்குத் தொப்பைகூடப் போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை மூக்கைத் துளைத்தது. போய்க் கதவைத் தள்ளினால், உள்ளே மகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். மாடிக்காரர்கள் தட்டோடு காத்திருக்கிறார்கள். மைத்துனன் தோளில் துண்டோடு பரிமாறுகிறான்.

“இது வேற வீடு மாமா. உங்க வரி இங்க செல்லாது.”

பசியில் ரோஷம் எடுபடவில்லை. காசைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். சாப்பாடு அருமையாக இருந்ததுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆனால் ஏப்பம் வந்ததும் மூளையும் வேலை செய்தது. இவனுக்கு இப்போது வருமானம் இருக்கிறதே!

எழுந்து நின்று அறிவித்தார். “விற்பனை வரி ரத்து. பழையபடி சம்பாதிக்கிறவங்க பங்கு கொடுக்கணும். எடு மாப்ளே, உன் பங்கை.”

மைத்துனன் அவருடைய தட்டை எடுத்துக்கொண்டே சொன்னான்:

“எனக்கு ஏது மாமா வருமானம்? கடை அக்காவோடது. இங்கயும் எனக்குச் சோறு மட்டும்தான்.”